ஜன்னல் பாட்டும் கரை நாடாவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சினிமாப் பாட்டுகளைப் பத்தாவது இடம், ஒன்பதாவது இடம் என்று தலைகீழாக எண்ணிக்கொண்டு வருவார்களே ரேடியோவில், அதை என்றைக்காவது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

தறி நெய்கிறவர்களுக்குக் கை ஓயாது, கால் ஓயாது, கண் ஓயாது. காது மட்டும் வேலைவெட்டி இல்லாமல் கிடக்கும். அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டிவிட்டுப் போகலாம். ஊரில் எல்லார் வீட்டிலும் டிவி வந்துவிட்டது, ஆனால் தறிக்குழியில் கால் விட்டுக்கொண்டு டிவி பார்க்க முடியாதே! அதனால் எங்களுக்கு ரேடியோதான் கதி.

ஆரணியை ஒட்டின சேவூரில் எங்கள் தகரக் கொட்டகை. நாலு தறி. ஒன்று என்னுடையது. எனக்கு எதிர்த்தறி கோவிந்தன் அண்ணனுடையது. அவரும் அவர் மனைவி கஸ்தூரி அண்ணியும் சேர்ந்து நெய்வார்கள். மற்ற இரண்டு தறிக்காரர்களும் என்னைப் போலக் கேட்டுத் தொலைத்தவர்கள், அவ்வளவுதான். ரேடியோ கோவிந்தன் அண்ணனுடைய சொத்து. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். சாமி படம்கூட அதற்கு ஒரு முழம் கீழேதான் மாட்டியிருந்தது. என் பெண் தூளியில் கிடந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இப்போது அவள் தூளிக்கயிற்றைப் பிடித்து ஊஞ்சல் ஆடுகிறாள்.

தேனொழுகும் வாய்

அந்த நிகழ்ச்சியை நடத்துகிற ஆளின் குரலைக் கேட்டிருக்கிறீர்கள் இல்லையா? வெல்லப்பாகில் விழுந்த ஈ மாதிரி ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு எழுந்திருப்பான். எட்டாவது இடத்தில் இருக்கிற பாட்டைச் சொல்வதற்குள் நிலா, தென்றல், நதி, கண்ணீர் என்று ஒரு சுற்று போய் வருவான். அப்பாடா பாட்டு வந்தது என்று நினைத்தால், பல்லவி முடிந்ததும் பாதியிலேயே மறுபடி அவன்தான் வருவான். பாடினவர்கள் தொண்டை வற்றப் பாடியிருக்கிறார்கள், இவன் அதன்மேல் ஏறி நின்று பேசுகிறான்.

நடுவில் விளம்பரம். தலைக்கு எண்ணெய், வீட்டுக்கு குக்கர், அப்புறம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. "ஆரணிப் பட்டு வாங்க அன்போடு வாரீர்" என்று ஒரு பெண் குழைந்து குழைந்து பாடுவாள். நாங்கள் நாலு தறியிலும் குனிந்து அதைத்தான் நெய்துகொண்டிருப்போம். எங்களில் ஒருத்தி கல்யாணத்துக்குக்கூடப் பட்டு கட்டினதில்லை, அது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டு வந்தபோது கஸ்தூரி அண்ணி தலை நிமிராமலே சொன்னார்: "நாம நெய்யறத நமக்கே விக்கறான் பாரு கலா, இவன் பொழைச்சுக்குவான்."

கரை ஏறாத படகு

முதல் இடத்தில் எப்போதும் ஒரே பாட்டு. கதாநாயகனும் நாயகியும் படகில் போய்க்கொண்டே பாடுவது. நாங்கள் அதற்குப் படகுப் பாட்டு என்று பேர் வைத்திருந்தோம். நான் மாசமாக இருந்தபோது முதல் இடத்தில் ஏறினது, பெண் பிறந்து, தலை நின்று, குப்புற விழுந்தும் இறங்கவில்லை. அந்தப் படகு இன்னுமா கரை சேரவில்லை? இருந்தும் ஒவ்வொரு வாரமும் அந்த ஆள் டமடமவென்று மேளம் அடித்துவிட்டு, என்னமோ யாருக்கும் தெரியாத ரகசியம் மாதிரி, "முதலிடம்... யாருக்கு?" என்பான். கோவிந்தன் அண்ணனும் யாருக்கு என்று வாயைப் பிளந்துகொண்டு கையை நிறுத்திவிடுவார்.

அவர் நிறுத்தினால் அண்ணியும் நிறுத்த வேண்டும். அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. அதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு மூன்று நாடா, அதாவது குறுக்கிழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை. உடம்புக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக் கரைக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவருக்கு எட்டாத பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, அந்தக் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இவர் ஒரு இழை விட்டால் அவரும் ஒரு இழை. கரைக்கு ஆள் இல்லையென்றால் தறியைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அண்ணி நாடாவைக் கையில் பிடித்தபடி, "இன்னாங்க, தள்ளட்டுமா வேணாமா?" என்று கேட்பார். அண்ணன் காதை மேலே தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாரமும் ஒரே பதில்தான் சொல்வார்: "இருடி, மொத எடம் சொல்லிகினு கீறான்!"

தூளிக்காரி

என் பெண்ணுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. டக், டக் என்று அது ஓடினால் தூங்குவாள், நின்றால் விழிப்பாள். இந்த ஒரு விஷயத்தில் கடவுள் எனக்கு நல்லது செய்தார். ஆனால் ரேடியோக்காரன் செய்த கெடுதலை அவராலும் தடுக்க முடியவில்லை. முதல் இடத்துக்கு அவன் மேளம் அடிக்கிற நேரமும், பாப்பா ஆழ்ந்து தூங்குகிற நேரமும் எப்படித்தான் ஒத்துப்போகுமோ! அவள் வீல் என்பாள், நான் குழியிலிருந்து ஏறுவேன், ஜரிகை சிக்கிக்கொள்ளும், பால் கொடுத்துத் திரும்பி வந்தால் படகு பாதி ஆற்றில் போய்க்கொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கை இரண்டும் முழங்கைவரை மாம்பழக் கலரில் வந்து நின்று, "கொழந்தைய ஏன் எழுப்பனே?" என்று என்னைக் கேட்டார். நான் உத்தரத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இந்தாளு ஆரணி பக்கம் வரட்டும், பேசறத வுட்டுட்டுத் தூளி ஆட்டற வேலைய குடுத்துரலாம்."

வெளிச்சத்தில் பிடித்த சேலை

நெய்து முடித்ததை ஆரணி டவுனில் இருக்கிற முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவோம். பாவு என்கிற நீளவாட்டு இழையும் ஜரிகையும் அவர் கொடுப்பதுதான். ஒருநாள் என் சேலையும், கோவிந்தன் அண்ணன் நெய்த கல்யாணச் சேலையும் ஒன்றாகப் போயின. அண்ணியும் வந்திருந்தார். முதலாளி என்னுடையதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அண்ணனுடையதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அரக்குச் சேலையில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் நெசவு கல் மாதிரி இறுகி இருந்தது, அடுத்த இடத்தில் கொசுவலை மாதிரி தளர்ந்திருந்தது.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு இழை ஓடின பிறகும் பலகையை இழுத்து அடித்தால்தான் இழை நெருங்கும். அண்ணன் பாட்டுக்குத் தகுந்த மாதிரி அடிப்பவர். ஆட்டம் போடுகிற பாட்டு வந்தால் கால் பறக்கும், அடி பேருக்கு விழும். சோகப் பாட்டு வந்தால் பலகையை மார்பில் அணைத்துக்கொள்வது போல ஒவ்வொரு இழைக்கும் இரண்டு அடி. அந்தச் சேலையில் பத்தாவது இடத்திலிருந்து படகுப் பாட்டுவரை நான் விரல் வைத்துப் படித்துக் காட்டியிருப்பேன். கரை நாடா பாவம், இழுத்த இழுப்புக்குப் பின்னாலேயே ஓடியிருந்தது. "பொண்ணு மணையில உக்காந்தா போட்டோல வரி வரியாத் தெரியுமே கோவிந்தா, இன்னா இது?" என்றார் முதலாளி. அண்ணன் கூசாமல் சொன்னார், "கரைக்கு உக்காந்தவ கவனம் பத்தல, முதலாளி."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். முதலாளி வேறு பாவு கொடுத்து, கல்யாணத்துக்கு முன்னால் புதுச் சேலை வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாவை எடுத்து வேறு தறிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அண்ணன் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். பஸ் ஸ்டாண்டில் தேசூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அண்ணியின் அம்மா வீடு தேசூர். அண்ணி இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "கவனம் இருக்கறவளாப் பாத்து கரைக்கு உக்கார வெச்சுக்கச் சொல்லு கலா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன்

புதுப் பாவு ஏற்றித் தறி தயாராக இருந்தது. கரைக்கு ஆள் இல்லை. மனைவி எதற்குக் கோபித்துக்கொண்டு போனார் என்று அண்ணனுக்கு உண்மையாகவே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? திருவிழாவுக்குக் கூட்டிப் போகவில்லை என்று கோபமாம். புளிக்குழம்பு நல்லாயில்லை என்று சொன்னதற்குக் கோபமாம். காரணமாக நூறு சொன்னார். சேலையைப் பற்றிச் சொன்னது மட்டும் அதில் இல்லை. "அது சும்மா முதலாளிக்குச் சொன்னது, அதுக்கா ஒருத்தி கோச்சுக்குவா?" என்றார்.

முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டபோதெல்லாம் "தறி ஓடிகினு கீது" என்று பதில் போனது. பொய்யை உண்மையாக்க வேண்டும் என்று பாப்பா தூங்குகிற நேரத்தில் என்னைக் கரைக்கு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ரேடியோ தலைக்கு மேலே. ஒரு குத்துப்பாட்டு வந்ததும் மனுஷன் குதிரை வண்டியை விரட்டுவது போல விரட்டினார், நாடா என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. நெய்ததைப் பிரித்துப் போட்டோம். "அண்ணே, நெய்யறீங்களா, ஆடறீங்களா? இப்படித்தான் அண்ணிய பேஜார் பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வருத்தப்பட்டமாதிரிதான் சொன்னார்: "பாட்டு ஓடசொல்லோ கை தானா ஓடுது, அதுக்கு நான் இன்னா பண்றது?"

கார்டுக் கூட்டணி

பஸ் ஏறித் தேசூர் போங்கள், ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிவாருங்கள் என்றால் அண்ணன் கேட்கவில்லை. மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்பது மரியாதைக் குறைவாம். அவர் யோசனை வேறு. ஜன்னலுக்குக் கீழே நின்று, கோபித்துக்கொண்ட மனைவியைக் கூப்பிட்டு ஒருவன் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. எங்களுக்கு அது ஜன்னல் பாட்டு. அண்ணிக்குக் கல்யாணம் ஆன புதிதில் பிடித்த பாட்டாம். அது ஏழு, எட்டு என்று எங்கேயோ கிடந்தது. அதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, தன் பேரையும் அவர் பேரையும் சொல்ல வைத்தால், தேசூரிலிருந்து அண்ணி ஓடிவந்துவிடுவாராம்.

அந்த நிகழ்ச்சிக்கு ஓட்டுப் போடுவது போஸ்ட் கார்டில். எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நீங்கள் கவனிக்க வேண்டும்: தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதி நான் வீடு வீடாக நீட்டினபோது, பேனா இல்லை, கண்ணாடி இல்லை, சாயங்காலம் வா என்றவர்கள் இவர்கள். இப்போது பேனாவும் வந்தது, கண்ணாடியும் வந்தது. மாமனார் பேரில், மச்சான் பேரில், பால் குடிக்கிற என் பெண் பேரில்கூட ஒரு கார்டு போனது. தபால் ஆபீஸ் அக்கா கட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பொம்பளைய வூட்டுக்குக் கூப்புட இவ்ளோ கார்டா? பஸ்ஸு நின்னு போச்சா இன்னா?"

ஜன்னல் திறக்கப்போன ஞாயிறு

அந்த ஞாயிறு கொட்டகையில் நிற்க இடமில்லை. யாரும் நெய்யவில்லை. மேளம் அடித்தது, பாப்பா வீறிட்டாள், படகு ஒருவழியாகக் கவிழ்ந்தது. முதல் இடம் ஜன்னல் பாட்டுக்கு! தெருவே கைதட்டியது. தேன்வாய்க்காரன் கார்டைப் படித்தான். படிப்பதோடு விட்டானா? "சேவூரில் ஒரு நெசவாளி... பெயர் கோவிந்தன்... அவருடைய தறி இன்று மௌனம். ஏனென்றால் கரை போட வேண்டிய கைகள், அன்பு மனைவி கஸ்தூரியின் கைகள், தேசூரில்! கஸ்தூரி... திரும்பி வாருங்கள்..." என்று வயலின் போட்டு அழுதான். மனைவி தேசூர் போய்விட்டாள், கரைக்கு ஆள் இல்லாமல் தறி நிற்கிறது என்று கார்டில் இருந்தது இரண்டு வரி, மிச்சமெல்லாம் அவன் கைச்சரக்கு. அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று அவன் கூப்பிடுகிறான். அவள் பதில் பாடப்போகிறாள், வளையல் சத்தம் வரைக்கும் கேட்டது. அத்தோடு பாட்டை அறுத்துவிட்டார்கள். "நேயர்களே, நேரம் முடிந்தது." உடனே காய்கறிச் சந்தை நிலவரம். சின்ன வெங்காயம் என்ன விலை, கத்தரிக்காய் என்ன விலை என்று ஒரு பெண்மணி படிக்கத் தொடங்கினார். கூட்டம் கலைந்தது. அண்ணன் மட்டும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னல் தொறக்கவே இல்லியே, கலா" என்றார்.

பாவு எடுக்க வந்தவர்

ரேடியோ தேசூரில் மட்டுமா கேட்கும்? மறுநாள் காலையில் முதலாளி கொட்டகை வாசலில் நின்றார், கூடவே பாவை அவிழ்த்துக்கொண்டு போக ஒரு ஆள். "கரைக்கு ஆள் இல்லன்னு ஊரு பூரா சொல்றான். எனக்கு மட்டும் தறி ஓடிகினு கீதுன்னு சொல்லி அனுப்பறியா கோவிந்தா?" உலகத்தில் எந்தக் கோர்வைத் தறிக்காரனும் செய்யாத காரியம்: தன் தறி நிற்கிறது என்று தானே கார்டு வாங்கி, தானே எழுதிப்போட்டு, வயலின் வைத்து அறிவித்தது. ஆள் முடிச்சில் கை வைத்தான்.

அப்போதுதான் கஸ்தூரி அண்ணி பையோடு உள்ளே வந்தார். "முடிச்ச வுடுப்பா" என்றார் அவனைப் பார்த்து. அண்ணன் முகம் மலர்ந்து, "பாட்ட கேட்டியா?" என்றார். "கேட்டேன். தேசூரே கேட்டுச்சு. வெண்டிக்கா விக்கறவன்கூட வாசல்ல நின்னு, 'கஸ்தூரி, திரும்பி வாருங்கள்'னு கூவறான். எங்க அண்ணன் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல அங்க இருக்க முடியல, அதான் வந்தேன்" என்றவர் முதலாளி பக்கம் திரும்பி, "பாவ எடுக்காதீங்க. ஒரு சாண் நெய்யறோம், நின்னு பாருங்க" என்றார். கரைப் பக்கம் போய் உட்கார்ந்தார். சேலைக்கு முன்னால் விடுகிற வெறும் பாவில் நெய்தார்கள். ரேடியோ ஊமையாகத் தொங்கியது. இவர் ஒரு இழை, அவர் ஒரு இழை. டக், டக். பாப்பா கண் சொருகினாள். முதலாளி குனிந்து தடவிப் பார்த்தார். நெசவு தண்ணீர் மாதிரி ஒரே சீராக இருந்தது.

"கலா, இப்ப அந்தப் பொட்டிய திருவு" என்றார் அண்ணி. திருகினேன். ஏதோ ஒரு ஆட்டப் பாட்டு. அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு காலை அடக்கினார். முதலில் கட்டைவிரல் ஆடியது. அப்புறம் பாதம். சரணம் வருவதற்குள் மிதி பறந்தது, பலகை பேருக்கு விழுந்தது, அண்ணியின் நாடா பின்னாலேயே ஓடியது. அண்ணி கையைத் தூக்கினார், நான் ரேடியோவை அணைத்தேன். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாவு எடுக்க வந்த ஆளை வெளியே போகச் சொல்லிவிட்டு, "கையி ஒண்ணுதான், ரெண்டு ஆளு நெய்ஞ்ச மாதிரி கீதே கோவிந்தா!" என்றார்.

பாவு தறியிலேயே தங்கியது. அண்ணி மட்டும் கரை நாடாவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு குழிக்குள் தன் காலைப் பார்த்து, "அன்னிக்கு... அந்த பட்டை... என் கையாலதான் வந்துச்சு" என்று முனகினார். பத்திலிருந்து ஒன்று வரைக்கும் எண்ணிக்கொண்டு வந்த அந்த ரேடியோ வருஷக்கணக்கில் போட்ட பாட்டெல்லாவற்றையும்விட, எங்கள் கொட்டகையில் கேட்கத் தகுந்தது அந்த ஒரு முனகல்தான். ஆனால் அண்ணி இன்னும் நாடாவை எடுக்கவில்லை.

"என்னைக் கூப்புட்டது ஜில்லா பூரா கேட்டுச்சு இல்ல?" என்றார். "இது இந்தத் தெருவுக்காச்சும் கேக்கட்டும், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."